கோமதி மாமி வீட்டு மாடிப்படி

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து, குக்கர், ஓட்டம். விடுப்பு முடிந்து முதல் நாள். மேற்கு மாம்பலத்திலிருந்து அடையாறு வரை பஸ்ஸில் நின்றபடியே. நடத்துநர்: "இன்னாத்துக்கு எல்லாம் படியில தொங்கிக்கினு கீறீங்க? உள்ள எடம் கீது, போ!"

உள்ளே இடம் இல்லை.

அலுவலகம் போனதும் எங்கள் வாடிக்கையாளர் கோமதி மாமியின் வீட்டு வரைபடத்தைத் திறந்தேன். மூலையில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் என் பெயர் இல்லை. பிரசன்னா.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் சந்து. ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கிய மனை. மாமியின் கணவர், மாமாவுக்கு முழங்கால் வலி. கோடை முழுக்க அந்த மாடிப்படியோடுதான் கிடந்தேன். பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஓர் இடம், பக்கத்திலேயே வெளிச்சம் விழும் முற்றம். எல்லாம் என்னுடையது. என்னோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த ஆர்க்கிடெக்ட் பிரசன்னா அதில் ஒரு படிகூடப் போடவில்லை.

ராஜன் சாரிடம் போனேன். அவருடைய அலுவலகம், அவர் சொல்வதுதான் சட்டம்.

"கோவிச்சுக்காத சுதா. நீ லீவுல இருந்தே, பிரசன்னா முடிச்சான். அதோட இதப் பாரு." போனை நீட்டினார்.

வரைகிற சாஃப்ட்வேரின் புதிய பதிப்பில் முதல் பக்கத்திலேயே ஒன்று வருகிறது. நாம் எப்படி வேலை செய்கிறோம், எதை அதிகம் பயன்படுத்துகிறோம், அடுத்து எதைக் கற்கலாம். அவரவருக்குத் தனி. என்னுடைய பக்கத்தை யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். 'நீங்கள் அதிகம் பயன்படுத்திய கட்டளை: அண்டூ.' கடைசியாகப் போட்டதை அழிப்பது.

"போட்டுப் போட்டு அழிக்கிறே. கை உறுதி இல்ல. நான் சொல்லல, சாஃப்ட்வேரே சொல்லுது."

இனி எனக்கு தி.நகர் ஜவுளிக்கடையின் கழிவறைகள்.

மாலை. என் பக்கத்தை நானே திறந்து பார்த்தேன். அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி: 'ஒரே இடத்துக்குப் பல மாற்று வடிவங்களை முயன்று பார்க்கிறீர்கள். அவற்றை அழிக்காமல் தனித்தனியாகச் சேமிக்க ஒரு வசதி உண்டு.' போட்டோவில் இந்த வரி இல்லை. பிரசன்னாதான் வெட்டியிருக்கிறான். அளந்து, சுத்தமாக. அவன் வரைந்ததிலேயே நேர்த்தியான கோடு அதுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாஷ்பேசின். வாஷ்பேசின். தரைச் சரிவு. பக்கத்து மேசையில் பிரசன்னா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். "அம்மா கண்ணு எப்படி இருக்கு சுதா?" என்று கேட்கவும் செய்தான். நல்லாயிருக்கு என்றேன்.

யோசனைகள்:
வேலையை விடுவது. அவனுக்குத்தான் லாபம்.
கோப்பைக் கெடுத்துவைப்பது. மாட்டேன், மாமா ஏற வேண்டிய படி அது.
ராஜன் சாரின் மனைவியிடம் சொல்வது. சீ.
அவன் நாற்காலியின் திருகைக் கழற்றுவது. இதை ரொம்ப நேரம் யோசித்தேன்.

தயிர் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கிடைத்துவிட்டது.

பெரிய தாள் அச்சிட பிரசன்னாவின் கணினியில்தான் முடியும். அவன் சாப்பிடப் போயிருந்தான். கழிவறைப் படத்தை அச்சிடலாம் என்று சாஃப்ட்வேரைத் திறந்தேன். அவனுடைய பக்கம் வந்தது.

'நீங்கள் அதிகம் பயன்படுத்தியவை: கோப்பைத் திறத்தல், பெரிதாக்கிப் பார்த்தல், அச்சிடுதல். உங்களுக்கான பரிந்துரை: மாடிப்படி வரையும் கருவியை நீங்கள் இன்னும் தொட்டதே இல்லை. தொடக்கநிலைப் பாடத்தைப் பார்க்கிறீர்களா?'

சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். போன் கையில்தான் இருந்தது. போட்டோ எடுக்கவில்லை. அது அவன் வழி. இந்தப் பக்கம் தானாக வாய் திறக்கட்டும், எல்லோர் முன்னாலும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாமிக்குப் போன் செய்தேன். அம்மாவைப் பற்றி விசாரித்துவிட்டு, "ஏண்டி சுதா, நீ வரவே காணோம்? அந்தப் பிள்ளையாண்டான் எல்லாம் தான் போட்டதுன்னு சொல்லிண்டிருக்கான். நாளைக்கு நோன்பு, ஆத்தை விட்டு நகர முடியாது. திங்கக்கிழமை ரெண்டு பேருமா வரோம்" என்றார்.

நான் எதையும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று: "மாமி, மாமாவுக்குப் படி உயரம் இன்னும் கொறைக்கணும்னு தோணினா அங்கேயே கேளுங்க. பேப்பர்ல தெரியாது. கம்ப்யூட்டர்ல மாத்திக் காட்டச் சொல்லுங்க."

"அப்படியா? கேட்டுடறேன்."

மாமியைப் பொறியாக வைக்கிறேனா? ஆமாம். ஆனால் படி உயரம் குறைந்தால் மாமாவுக்கும் நல்லதுதான்.

ஆகஸ்ட் 9, சனி

ராஜன் சாரிடம்: "மாமிக்குச் சின்ன எழுத்து தெரியாது சார். மீட்டிங் ரூம் டிவியில போட்டா என்ன?"

"குட். பிரசன்னா, டிவியிலயே போட்டுடு."

"ஷ்யூர் சார்" என்றான். மடையன்.

வீட்டில் அம்மா: "தேங்காயத் துருவுறியா, கொலை பண்றியா?"

ஆகஸ்ட் 11, திங்கள்

சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

மாமாவும் மாமியும் வந்தார்கள். காபி. நான் ஓரத்து நாற்காலியில், கழிவறைப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு. பிரசன்னா இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து நின்று, மீட்டிங் ரூம் கணினியில் சாஃப்ட்வேரைத் திறந்து தன் பெயரில் நுழைந்தான். டிவியில் சுவர் நிறைய அந்தப் பக்கம்.

மாமி பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். கண்ணில் படுவதை வாய்விட்டு வாசிப்பவர். நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மாடிப்படி வரையும் கருவியை... இன்னும் தொட்டதே இல்லை... தொடக்கநிலைப் பாடம்...

"ஏண்டாப்பா, நீ படியே போட்டதில்லேங்கறதே இது!"

"அது சும்மா விளம்பரம் மாதிரி மாமி." அவசரமாக மூடினான். காது சிவந்துவிட்டது.

"சரி, போகட்டும். படி உயரத்தைக் கொஞ்சம் கொறைச்சுக் காட்டேன். இவர் முழங்காலுக்கு."

பிரசன்னா எதையோ சொடுக்கினான். படி சுவரை விட்டு விலகி முற்றத்தின் நடுவில் அந்தரத்தில் நின்றது. மறுபடி சொடுக்கினான். கவிழ்ந்தது.

மாமா மெதுவாகக் கேட்டார்: "இதுலயா நான் ஏறணும்?"

ராஜன் சார் என் பக்கம் திரும்பினார். "சுதா, நீ கொஞ்சம் பாரேன்."

இந்த வாக்கியத்தை ஒரு வாரமாக வாயில் வைத்திருந்தேன். "என் கை உறுதி இல்ல சார். போட்டுப் போட்டு அழிப்பேன். சாஃப்ட்வேரே சொல்லியிருக்கு."

பிரசன்னா என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன்தான் முதலில் குனிந்தான்.

மாமா: "இது நீ போட்டதுதானேம்மா? எங்காத்துக்கு வந்து, நான் எப்படி ஏறறேன்னு நின்னு பாத்துட்டுப் போனியே."

அப்புறம்தான் எழுந்தேன். உயரத்தைக் குறைத்தேன். படிகள் கூடின, இடம் போதவில்லை. அண்டூ. திருப்பத்தை மாற்றினேன். வாசலை இடித்தது. அண்டூ. ஒவ்வொரு முறையும் விசையைச் சத்தமாகத் தட்டினேன். கடைசியில் உட்காரும் இடத்தை முற்றத்தின் பக்கம் சற்று நகர்த்தியதும் எல்லாம் பொருந்தியது.

மாமி: "இவ்வளவு தரம் அழிச்சாத்தான் சரியா வரும் போலிருக்கு."

ராஜன் சார் தன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நல்ல மழை. செருப்பு போச்சு.

சார்: "மாமி வீட்ட நீயே எடுத்துக்க." எடுத்துக்கொள்கிறேன், ஆனால் மூலையில் என் பெயர் மட்டும் இருக்க வேண்டும், கழிவறைகள் பிரசன்னாவுக்குப் போக வேண்டும், என்னுடைய பக்கத்தை வெட்டாமல் முழுசாக அலுவலக குரூப்பில் அவனே போட வேண்டும் என்றேன். சார் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். சரி என்றார்.

மதியத்துக்குள் போட்டான். யாரோ கட்டைவிரல் போட்டார்கள்.

அப்புறம் மாடித் தாழ்வாரத்தில் நின்றிருந்தபோது வந்தான். "வேணும்னே பண்ணியா?"

"ஆமா."

"டீம் லீடர் போஸ்ட்டுக்கு ஒரு வீடாவது என் பேர்ல இருக்கணும்னு சார் சொன்னாரு சுதா. எங்கிட்ட எதுவும் இல்ல."

பரிதாபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன். இப்ப அந்தப் பாடத்தையே பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லிக் கொடுத்திருப்பேனா? தெரியாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

உச்சி வெயில். மயிலாப்பூரில் மனையைக் குறியிடும் வேலை. உதவிக்கு சார் பிரசன்னாவை அனுப்பியிருந்தார். சந்தில் ஆட்டோக்காரர்: "நைனா, நடுவுல நின்னுக்கினு இன்னா பண்ற, ஓரம் போ!" பிரசன்னா ஓரம் போனான்.

அளவு நாடாவின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை என் கையில். மாடிப்படி வரும் இடம். வெயிலில் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் நின்ற இடத்தில் பக்கத்து வீட்டு வேப்பமர நிழல்.

"சரியா இருக்கா?" என்றான்.

சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை பிடி என்றேன்.