கேஸ் கட்டில் ஜிகினா

டிசம்பர் 18, திருத்தணி.

கிறிஸ்துமஸ் மரத்தில் சுற்ற வைத்திருந்த ஜிகினாச் சரத்தில் ஒரு முழத் துண்டைக் காணவில்லை என்று காலையில் மனைவி கிரேஸ் சொன்னாள். நேற்று அதைக் கடித்து விளையாடிய எங்கள் பூனை மணி, இன்று பாலைத் தொடவில்லை. விழுங்கியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம், மாலைவரை பாருங்கள் என்றார் கால்நடை மருத்துவர்.

"மரம் வேணாம்னு நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணுங்க," என்றாள் கிரேஸ். நான் மறுக்கவில்லை.

நீதிமன்றத்தில் என் குமாஸ்தா கேஸ் கட்டை வெளியே எடுத்தார்.

"இன்னா சார், கட்டை ஜிகினாவுல கட்டிகினு வந்துகிறீங்க? ஜட்ஜ் பார்த்தா கேக் எங்கன்னு கேப்பாரு."

பூனை ஏறினால் மரம் சாயுமே என்று, நேற்றிரவு கேஸ் கட்டின் நாடாவை அவிழ்த்து மரத்தை ஜன்னல் கம்பியோடு பிணைத்தவன் நானே. அப்போது மின்சாரம் போய்விட்டது. இருட்டில் மேசைமேல் அகப்பட்டதைக் கொண்டு கட்டைக் கட்டியவனும் நானே.

உடனே கிரேஸைத் தொலைபேசியில் அழைத்து, எதையும் மறைக்காமல் கூறினேன்.

"மணி பக்கத்து வீட்ல மீன் துன்னுட்டு வந்துதான் பால் வேணாம்னு கீதாம். அந்தம்மா இப்பதான் சொல்லிச்சு. நீங்க மொதல்ல வீட்டுக்கு வாங்க," என்றாள்.

மரத்தை ஆட்சேபிக்கும் தகுதி இனி எனக்கில்லை. மணி அதன் அடியில்தான் உறங்குகிறது.