ரப்பர் சவ்வுக்கு அந்தப் பக்கம்

நேற்று மகள் நகப்பூச்சை அழிக்க ஒரு புட்டியைத் திறந்தாள். அசிட்டோன் நெடி கூடத்தில் பரவியதும், "மூடுடி அத!" என்று கத்திவிட்டேன். திகைத்துப்போனாள். அவளுக்கு உன்னைத் தெரியாதே.

உத்திரமேரூர் சாலையோரம் இருந்த அந்தச் சின்ன கெமிக்கல் கம்பெனியில், எண்பதுகளில், வேதியியல் படித்த பெண்கள் நாம் இருவர்தான். நீ பெருநகரிலிருந்து வருவாய், நான் காவாந்தண்டலத்திலிருந்து. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து அசிட்டோனும் பியூட்டனாலும் எடுப்பார்கள். தொட்டி நிறையத் தண்ணீர், அதில் கொஞ்சமே சரக்கு. காய்ச்சிப் பிரிக்கும் விறகுக்கே லாபம் போய்விடும்.

மெல்லிய ரப்பர் சவ்வைப் பொருத்திப் பார்த்தது நீதான். ஒரு பக்கம் புளித்த நீர். மறுபக்கம் பம்பு உறிஞ்சும்.

"காய்ச்சவே வேணாம்டி. தண்ணி முக்காவாசி அங்கியே நின்னுடும். சரக்கு ஆவியா நழுவிக்கினு வந்துடும், குளுர வெச்சிப் புடிச்சிக்கலாம்."

குடுவையில் முதல் சொட்டு விழுந்தபோது என் தோளில் ஓங்கி அடித்தாய். அவ்வளவு சந்தோஷம் உனக்கு.

ஆனால் குளிரில் சிக்காத ஆவி பம்பு வழியாக அறைக்குள் கசிந்தது. பம்பின் பழைய மோட்டாரிலோ பொறி பறந்தது. நீ முதலாளியிடம் போய் நின்றாய். "சார், பொறி வெளிய வராத மோட்டார் வேணும். இது பத்திக்கும்."

"ஓடிக்கினுதானே கீது? பேஜார் பண்ணாதம்மா. நாளைக்கு சரக்கு வாங்கறவங்க வராங்க, ஓட்டிக் காட்டு."

மறுநாள் நீ உள்ளே பம்பை ஓட்டிக்கொண்டிருந்தாய், நான் ஐஸ் கொண்டுவர வெளியே போயிருந்தேன். வெடிச்சத்தம் கேட்டுத் திரும்பினால் ஜன்னலில் நெருப்பு. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

விசாரணைக்கு வந்தவர்களிடம், "பொண்ணு கவனமில்லாம இருந்துடுச்சு" என்றார் முதலாளி. நீ மோட்டார் கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் நான் சொன்னேன். அவர் சொன்னதே நின்றது. எனக்கு வேலை போயிற்று. அடுத்த மாதமே புது மோட்டார் வந்து இறங்கியதாம். நீ கேட்ட அதே வகை. உன் சவ்வு முறையே தொடர்ந்து ஓடியது.

கூலிக்கு நாற்று நட்டு உன்னைப் படிக்கவைத்த உன் நைனா, என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "எம் பொண்ணு மேலதான் தப்புன்றாங்களே, நெஜமாம்மா?"

"இல்ல நைனா. அவ முன்னியே சொன்னா. அவங்கதான் கேக்கல."

தலையாட்டுவார். அடுத்த முறை பார்க்கும்போது மறுபடியும் அதையே கேட்பார்.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கேட்பதற்கு ஆளில்லை. நான் மட்டும் பதிலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.