சதுர நாணயத்தின் மேல் மூலை

அன்பு நிறைந்த அத்தான்,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்த மறுநாளே அக்கா உங்கள் நாணயப் பெட்டியைத் திறந்துவிட்டார். ஜெர்மனியின் பழைய சிற்றரசுகள் அடித்த பன்னிரண்டு சதுர வெள்ளி நாணயங்கள். வட்டமாக இருந்தால் உங்களுக்கு அது நாணயமே இல்லையே. அவற்றில் சாக்சனிச் சிற்றரசு துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பரிசாகக் கொடுத்ததை மட்டும் கைப்பையில் போட்டார். துளை போட்டுச் சங்கிலியில் கோக்கப் போகிறாராம். விட்பியில் அக்கா வீட்டிலிருந்து மோர்னிங்சைட் வீதி நகைக்கடைவரை கார் ஓட்டியவன் நான்தான்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஆரையும் அதில ஓட்டை போட விடாதை, மச்சான்."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். துளை விழுந்த நாணயம் செத்த நாணயம் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்.

கடையில் கெஞ்சிப் பார்த்தேன். சுற்றிச் சட்டம் கட்டித் தொங்கவிடலாமே என்று நகை செய்யும் பத்தரும் சொன்னார். இனியும் அதைக் கூட்டுக்குள்ளே அடைக்க வேண்டாம் என்று அக்கா மறுத்துவிட்டார்.

"இருவது வருசமா அவர் என்னைவிட உந்தக் காசைத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்தவர். இனி உது என்ர கழுத்தில கிடக்கட்டும்."

பத்தர் ட்ரில்லை எடுத்ததும் நாணயத்தின் மேல் கையை வைத்துவிட்டேன். அக்கா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கையை எடு என்றார், எடுத்தேன். ஏன் என்னிடம் இப்படியொரு வாக்கு வாங்கினீர்கள் என்று உங்கள் மேல்தான் கோபம் வந்தது.

இடம் பார்க்கப் பூதக்கண்ணாடியோடு குனிந்த பத்தர் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணை, இந்த மூலையில முந்தியே ஓட்டை இருந்திருக்கு. ஆரோ வெள்ளியால அடைச்சிருக்கினம்."

வாங்கிப் பார்த்தேன். கடுகளவு ஒரு வட்டம். யாரோ எப்போதோ இதைக் கழுத்தில் போட்டுத் திரிந்திருக்கிறார்கள். காட்டும்போதெல்லாம் நீங்கள் அந்த மூலையைத்தான் பெருவிரலால் பொத்திப் பிடிப்பீர்கள். தெரிந்துதான் மறைத்தீர்களா? எங்களிடமிருந்தா, உங்களிடமிருந்தேயா?

பத்தர் அந்த அடைப்பை மட்டும் தட்டி எடுத்தார். புதிதாக ஒரு துளையும் இல்லை. அக்கா அங்கேயே போட்டுக்கொண்டார். இப்போது பூசையில் செபிக்கும்போது அந்த மூலையைப் பெருவிரலால் பிடித்துக்கொள்கிறார், உங்களைப் போலவே.

மீதிப் பதினொன்றும் என் பொறுப்பு. ஒன்றிலும் ட்ரில் படாது. ஆனால் அக்கா இன்னொன்று கேட்டால், முதலில் மூலைகளைப் பார்ப்பேன்.

உங்கள் சொல்லை மீறப் போய்த் தப்பிய,
மச்சான்