இறங்காத இரண்டு வோல்ட்டு

அன்புள்ள அண்ணா,

அன்பு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று மகாபலிபுரத்து இறால் பண்ணைக்காரர் செங்கல்பட்டில் நம் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு வந்தார். "உங்க அண்ணன் மாதிரி சர்க்யூட் போர்டு யாரு போடுவா? நல்ல மனுசன், பூட்டாரு" என்று கண் கலங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் குட்டை வற்றியது யாரால், நல்ல மனுசா?

தொண்ணூறுகளில் அந்தக் குட்டைக்கு நாம் செய்தது, தண்ணீரை வெளியேற்றும் மோட்டாரைக் குறித்த அளவில் தானாக நிறுத்தும் போர்டு. சர்க்யூட் உன்னுடையது, சால்டரிங் என்னுடையது. 3140 என்ற ஐசி சில்லைப் போட்டுத்தான் சோதித்திருந்தோம். பண்ணைக்குச் செய்யும்போது அது சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கவில்லை என்று 741 என்ற வேறு ஐசி வாங்கி வந்தாய். "இன்னா இப்போ? ரெண்டுக்கும் அதே எட்டு காலு தான். சொருவு" என்றாய். மோட்டாருக்கு சுவிட்சாக இருக்கும் ரிலே இழுக்கிறதா என்று மட்டும் பார்த்தாய். விடுகிறதா என்று பார்க்கவில்லை.

741-இன் வெளியீடு பூஜ்யம்வரை இறங்காது, அண்ணா. அணைய வேண்டிய நேரத்திலும் இரண்டு வோல்ட்டு நிற்கும். அடுத்திருக்கும் டிரான்சிஸ்டர் ரிலேயைப் பிடித்து வைத்திருக்க அதுவே தாராளம். ரிலே விடவில்லை, மோட்டார் நிற்கவில்லை. காலையில் குட்டையில் சேறும் செத்த இறாலும்தான் கிடந்தன.

நீ அவரிடம் என்ன சொன்னாய்? "தங்கச்சி சால்டரிங்ல கோட்ட வுட்டுச்சு, அண்ணாத்த."

நான் மீட்டரை வைத்து அந்த இரண்டு வோல்ட்டைக் காட்டினேன். "வாய மூடிகினு இரு" என்றாய். ஆனால் அடுத்த போர்டிலிருந்து சத்தமில்லாமல் ஒரு ஜீனர் டையோடு வைத்து அதைத் தடுத்தாய். தெரியாமல் செய்ததை விட்டுவிடலாம். தெரிந்த பிறகும் ஏன் வாய் திறக்கவில்லை? நீ இருந்தவரை நான் கடையில் பில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். என் கை பட்ட போர்டு வேண்டாம் என்று வாடிக்கைக்காரர்கள் என் எதிரிலேயே சொன்னார்கள், நீ கேட்டுக்கொண்டு நின்றாய்.

நேற்று அவர் கண் முன்னாலேயே 741-ஐ அதே மாதிரி மாட்டி மீட்டரில் காட்டினேன். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செத்தவரு மேல பழி போடாதம்மா" என்று எழுந்து போய்விட்டார். செத்தும் நீதான் ஜெயிக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதத்தை ஊரே படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வருகிற திதிக்கு வஞ்சிரம் வறுத்துப் படைப்பேன், உனக்குப் பிடிக்குமே. அழுவேன், அதையும் மறைக்கப்போவதில்லை. ஆனால் மன்னிப்பு மட்டும் அந்த இலையில் இருக்காது. இது சத்தியம்.

சால்டரிங்கில் தப்பு செய்யாத உன் தங்கை,
வசந்தா