துரைமேடு அங்கன்வாடிக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம்

அனுப்புநர்
செ. ஹேமாவதி,
அங்கன்வாடிப் பணியாளர்,
துரைமேடு, கோம்பை வழி,
தேனி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்,
கீழவாடி ஊராட்சி ஒன்றியம்.

பொருள்: துரைமேடு அங்கன்வாடிக் கட்டடம் – கூரைப் படங்களின் மேல் சுண்ணாம்பு அடிக்கும் உத்தரவை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. எனது மனு, நாள் 12.07.2006
2. தங்கள் அலுவலக உத்தரவு, நாள் 10.11.2008

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை இரண்டில் கண்ட உத்தரவு, பார்வை ஒன்றில் கண்ட மனுவின் பேரில் பிறப்பிக்கப்பட்டது. அந்த மனுவை எழுதியவள் நான்தான். அதை எதிர்த்து இதை எழுதுபவளும் நான்தான். தவறு முழுக்க என்னுடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2. எங்கள் அங்கன்வாடி நடப்பது, ஏலக்காய்த் தோட்டம் போட வந்த ஸ்காட்லாந்து துரை ஒருவர் கட்டிய வேதக்கோயிலின், அதாவது சர்ச்சின், மிச்சத்தில். கோயில் ஒரு பெருமழையில் விழுந்துவிட்டது. பக்கவாட்டு அறை ஒன்று மட்டும் தப்பியது. அதன் மரக்கூரையின் உட்புறம் முழுவதும் படங்கள். பன்னிரண்டு ராசிகளும், நான்கு பருவங்களில் ஜனங்கள் செய்யும் வேலைகளும், மூலைக்கு மூலை சிறகு முளைத்த குழந்தைகளும் அதில் உண்டு. துரை தன் ஊர்க் கோயிலில் முன்னூறு வருடத்துக்கு முந்தைய கூரையைப் பார்த்து அதே போல் வரையச் செய்தாராம். ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலத்துப் பாணி இது, இந்தப் பக்கம் வேறெங்கும் பார்த்ததில்லை என்று கல்லூரிச் சரித்திர ஆசிரியர் திரு. ஜெபமணி நேரில் வந்து பார்த்துச் சொன்னார்.

3. வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு வேகம் அதிகம். அந்தச் சிறகுக் குழந்தைகளுக்கு உடுப்பு இல்லாததைக் கண்டு, "பிஞ்சு மனங்கள் கெடும், உடனே அழிக்க வேண்டும்" என்று எழுதிவிட்டேன். வெயில் நாளில் என் பொறுப்பில் உள்ள இருபத்து மூன்று பிள்ளைகளில் பாதிப்பேர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் தூங்குகிறார்கள். மேலே இருப்பவர்களுக்கு மூக்கு ஒழுகுவதில்லை. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை என்று புரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

4. மதியம் சாப்பிட்டுப் படுத்ததும் பிள்ளைகள் அந்தக் கூரையைத்தான் படிக்கிறார்கள். ஆடு, மாடு, நண்டு, தேள் எல்லாம் அங்கேயே கற்றவை. மகர ராசிக்கு வரைந்திருக்கும் மீன் வால் வைத்த ஆட்டுக்கு 'மீனாடு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். துலாம் ராசி அவர்களுக்கு எங்கள் ஊர் மளிகைக்காரர் கலீல் ரஹ்மான் கடைத் தராசு. சுவரில் மாட்ட அரசு கொடுத்த விலங்குப் படம் கிழிந்து ஒரு வருடமாகிறது.

5. இவர்களின் தாய்மார்கள் விடியுமுன் ஜீப்பேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத்தான் திரும்புகிறார்கள். அதுவரை சில பிள்ளைகள் என்னோடுதான் இருக்கும். அதில் ஷர்மின் என்பவளுக்கு நாலு வயது. அவள் தாய் நசீம் போன ஜீப் ஆகஸ்டு மாதம் மலைப்பாதையில் கவிழ்ந்தது. இரண்டு காலிலும் எலும்பு முறிந்து நசீம் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சிறு பிள்ளைகளை வார்டுக்குள் விடுவதில்லை. மூன்று மாதமாகத் தாயும் மகளும் பார்த்துக்கொள்ளவில்லை.

கூரையில் குளிர்காலத்துப் படத்தில் ஒரு பெண் விறகுக்கட்டைத் தலையில் சுமந்து வீட்டைப் பார்த்து நடக்கிறாள். முதல் ஒரு வாரம் அழுத ஷர்மின், பிறகு ஒருநாள் அவளைக் காட்டி, "அந்தா கட்டச் செமந்துக்கிட்டு வருதுல்ல, அதுதே எங்கம்மா. மெதுவா நடக்குது, அதேன் வர நேரமாகுது" என்றாள். அதன் பிறகு அழவில்லை. நான் திருத்தவில்லை. திருத்த எனக்கு மனம் வரவில்லை, ஐயா.

6. நேற்று வெள்ளையடிக்கும் தவசி ஏணியோடு வந்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் சங்கதி கேட்டுக்கொண்டு, சுண்ணாம்பு வாளியை மூடிவிட்டார். "டீச்சர், அடிச்சா அடிச்சதுதே, பெறகு சொரண்டி எடுக்க முடியாது. திங்கக்கெழம வரைக்கும் நான் இங்கன வரமாட்டேன். அதுக்குள்ள ஆபீஸ்ல எழுதி வாங்கிருங்க" என்று சொல்லிப் போனார். உத்தரவை மதிக்கவில்லை என்று அவர் மேல் நடவடிக்கை வேண்டாம். தடுத்தவள் நான்.

7. சுவருக்குத் தாராளமாக வெள்ளையடிக்கட்டும். கூரையை மட்டும் விட்டுவிடும்படி 24.11.2008 திங்கட்கிழமைக்குள் எழுத்தில் உத்தரவிட வேண்டுகிறேன். என் மனு கோப்பில் ஏறிவிட்டது, திரும்பப் பெற விதியில்லை என்றால் அதற்கும் ஒரு வழி சொல்கிறேன்.

இந்த இரண்டு வருடத்தில் குடிதண்ணீர்க் குழாய்க்காக மூன்று மனுவும், கழிப்பறைக் கதவுக்காக இரண்டும், கூரை ஒழுகலுக்காக ஒன்றும் கொடுத்திருக்கிறேன். ஆறும் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. நடவடிக்கை எடுக்கப்பட்டது நான் தப்பாக எழுதிய அந்த ஒன்றின் மேல் மட்டும்தான். அதையும் மற்ற ஆறோடு சேர்த்துக் கட்டி, நசீம் தன் காலால் நடந்து வந்து மகளைக் கூட்டிப்போகும் வரையிலாவது, பரிசீலனையிலேயே வைத்திருக்கும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: துரைமேடு
நாள்: 20.11.2008

இப்படிக்கு,
தன் மனுவைத் தானே மறுக்கும்,
செ. ஹேமாவதி
(கையொப்பம்)