ஓடத் தோதான உடுப்பு

மதினி,

போன ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் ஒரு துணிக்கடையில், உடை போட்டுப் பார்க்கும் சின்ன அறைக்குள் நின்றேன். கதவைச் சாத்தியதும் அந்த வாடை வந்தது. புதுத்துணியின் கஞ்சி, பாச்சை உருண்டை, எனக்கு முன்னால் நின்றுவிட்டுப் போன யாரோ ஒருத்தியின் வியர்வை. சட்டையைத் தலைவழியே போட்டவள், முகம் துணிக்குள் இருக்க அப்படியே அசையாமல் நின்றுவிட்டேன். வெளியே இருந்து கடைப்பெண், "அக்கா, அளவு சரியா இருக்கா?" என்று கேட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் தலையை மட்டும் ஆட்டினேன்.

என் அண்ணனைக் கட்டி வந்த கொஞ்ச நாளிலேயே நீங்கள் கம்பெனி வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். அன்றிலிருந்து எம். புதுப்பட்டிப் பக்கம் அதே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில் சரம் பின்னினோம். நம் எல்லோருக்கும் ஒரே உடுப்புத்தான். வெளுத்துப்போன பருத்திச் சேலை, மேலே வீட்டு ஆம்பளையின் பழைய சட்டை. நைலான், பாலியெஸ்டர் உள்ளே வரக்கூடாது. துணி உரசி ஒரு பொறி தட்டினால் போதும், வெடிமருந்து பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் பேரன் எடுத்த பிறகு ஒரு வருசம், வெயில் ஏறத் தொடங்கியபோது, பக்கத்து ஷெட்டில் மருந்து லேசாகப் புகைந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எல்லோரும் ஓடும்போது உங்கள் கொசுவம் காலில் சிக்கி, வாசல்படியில் குப்புற விழுந்தீர்கள். பின்னால் வந்தவர்கள் உங்களைத் தாண்டியும் மிதித்தும் ஓடினார்கள். சாயங்காலம் வேனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். இறங்கி நடக்கும்போது மட்டும் என் கையைப் பிடித்து, "செல்வி, இந்தச் சேலை நம்மளக் கட்டிப் போட்டுருக்கு," என்றீர்கள்.

அடுத்த லீவு நாளில் சிவகாசிக் கடைக்கு என்னைக் கூட்டிப் போனீர்கள். பழக்க தோசத்தில் நான் சேலைப் பகுதியில் நின்றேன். நீங்கள் மாடி ஏறிவிட்டீர்கள். அங்கே கல்லூரிப் பிள்ளைகள் சுடிதார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளைக்கா அக்கா? என்ன சைசு?" என்று கேட்டாள் கடைப்பெண்.

"எனக்குத்தான் தாயி. நல்லா லூசா எடு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். முதலாவது முழங்காலில் பிடித்தது. இரண்டாவது வழுவழுவென்று நீலமாக, ஆசையாக இருந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தீர்கள். கை மயிர் அதை நோக்கி எழுந்து நின்றது. "இது எமன். உள்ள வையி," என்று தள்ளிவிட்டீர்கள். மூன்றாவது பருத்தி. கிளிப்பச்சையில் மேல்சட்டையும் அகலமான பேண்டும். துப்பட்டாவை அங்கேயே திருப்பிக் கொடுத்தீர்கள். "இது எங்கனயாச்சும் மாட்டும்."

அதைப் போட்டுக்கொண்டு வந்த நீங்கள், கண்ணாடிப் பக்கமே போகவில்லை. சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தீர்கள். கையை ஊன்றாமல் எழுந்தீர்கள். அப்புறம் ஓடினீர்கள். துணி தொங்கும் கம்பிகளுக்கு நடுவே, மாடிப்படி வரைக்கும், பேரன் எடுத்த பொம்பளை. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். படி முனையில் நின்று திரும்பி, மூச்சு வாங்க என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எம்புட்டு நேரம் ஆச்சு?"

அந்தக் கடையில் நீங்கள் எங்கிருந்து ஓடினீர்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நீயும் ஒண்ணு போட்டுப் பாரு," என்றீர்கள். "புடிக்காட்டி கழட்டிருவோம். போட்டுப் பாத்தா என்ன, கடிக்கவா செய்யும்?"

இடுப்பில் கொசுவம் இல்லாமல் நடப்பது, உடம்பில் பாதியை எங்கோ வைத்துவிட்டு வந்தது போல இருந்தது. அப்படியும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அண்ணன் சோற்றில் கை வைத்தபடியே பார்த்தான். "பேரன் எடுத்தாச்சு. இப்பப் போயி என்னடி வேசம்?"

"வேசம் இல்ல. ஓடத் தோதா இருக்கு."

"எங்க ஓடப் போற?"

"வெளிய," என்றீர்கள். அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

வேனில், "காலேஜுக்கா மதினி?" என்று கேட்டார்கள். ஒரு மாதம் கழித்து, கேட்டவர்களிலேயே, நம் அறைக்காரிகள் இரண்டு பேர் பேண்ட் போட்டு வந்தார்கள். உங்களுக்கு அது போதவில்லை. சீசன் நெருங்க நெருங்க ஆர்டர் குவிந்தது. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஏழு பேர் உட்கார்ந்தோம். பின்னிய சரங்களை உடனே எடுத்துப் போக ஆள் இல்லாமல் நமக்குப் பின்னாலேயே அடுக்கினார்கள். வேப்பமரத்தில் இலை அசையவில்லை. "இந்த வெக்கை சரியில்ல," என்று தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் சொன்னீர்கள். ஃபோர்மேனிடமும் சொன்னீர்கள். "லோடு போகட்டும் அக்கா, அப்புறம் பாப்போம்," என்றார் அவர்.

அது மதியச் சாப்பாடு முடிந்த நேரம். தள்ளியிருந்த ஓர் அறையில் சத்தம் கேட்டது. மற்றவர்களுக்குப் புரியுமுன் நீங்கள் கத்திவிட்டீர்கள். "ஓடுங்கடி!" உள்மூலையில் உட்கார்ந்திருந்ததால் கடைசியாகத்தான் எழ முடிந்தது உங்களால். என் முதுகில் உங்கள் கை பட்டுத் தள்ளியது தெரிந்தது. வேலிக்கருவை முள்ளில் வெறுங்காலோடு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது நம் அறை இல்லை.

உங்களை வாசலுக்கு வெளியேதான் எடுத்தார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்ததும், "வெட்டாதீக தாயி, புதுசு," என்று சொன்னீர்கள். கால் பக்கம் துணி கருகாமல் பச்சையாகவே இருந்தது. முதுகைப் பார்க்க முடியவில்லை. "எல்லாரும் வந்துட்டாளுகளா?" என்று கேட்டீர்கள். நம் அறை ஏழு பேரில், உங்களையும் சேர்த்து ஐந்து பேர்தான் வெளியே வந்திருந்தோம். பேண்ட் போட்டிருந்த நாலு பேரும் அதில் இருந்தோம். அண்ணன் முந்திக்கொண்டு, "எல்லாரும் வந்துட்டாக. நீ கண்ண மூடு," என்றான். மறுநாள் விடியும்போது நீங்கள் இல்லை.

கம்பெனியைப் பூட்டினார்கள். வேறு பெயரில் இன்னோர் இடத்தில் திறந்தார்கள். நான் வேறெங்கே போவேன்? அங்கேதான் சரம் பின்னுகிறேன். இப்போது வேனில் சேலை கட்டியவர்கள்தான் குறைவு. நேற்று பக்கத்து அறையில் யாரோ அலுமினியத் தட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். அது தட்டு என்று தெரிவதற்குள் நாங்கள் அத்தனை பேரும் வேலியோரம் நின்றோம். ஃபோர்மேன் திட்டிக்கொண்டே வந்தார். உள்ளே முதலில் கால் வைப்பது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த வருசமும் ஆர்டர் அதிகம், மதினி. அடுக்க இடம் இல்லை.

தைரியமான பொம்பளை, இந்த வயசில் சுடிதார் போட்டாள் என்று ஊரில் இன்னும் உங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்குத் தெரியும், நீங்கள் தைரியசாலி இல்லை. பயந்தீர்கள். எங்கள் எல்லோருக்கும் முன்னால், சரியாகப் பயந்தீர்கள். அந்தப் பயம்தான் உங்களிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. ராத்திரி படுக்கும்போது கூட அதை இறக்கி வைப்பதில்லை.

செல்வி