பல் தடம் பதிந்த ஒட்டுக் கத்தி

மாமா,

உங்கள் பேத்திக்கு இன்று கீழ்வரிசை முன்பல் விழுந்துவிட்டது. கூரையில் எறிய வேண்டும் என்று ஒரே அடம். நான் பல்லைக் கழுவி, வெந்நீரில் இன்னொரு தடவையும் கழுவி (நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள்), அலுமாரி மேல்தட்டிலிருந்து அந்தக் கத்தியை எடுத்தேன். அதில் இன்னும் ரப்பர் பால் வாடை.

மருமகளாக வந்த புதிதில், யட்டியாந்தோட்டை பஜாரில் உங்கள் இரும்புக்கடைக்குக் கத்தி வாங்க வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பேன். யாருக்கும் கத்தியின் பெயர் தெரியாது. "போன தடவ வாங்குனேனே, அது" என்பார்கள். நீங்கள் டாக்டர் மாதிரி விசாரிப்பீர்கள். முதுகு நேரா, வளைவா? நுனி எப்படி? கீழே வளைந்திருந்தால் கொப்பு வெட்டும் கிளிமூக்கு. நுனியே இல்லாமல் மொட்டையாக இருந்தால் சாக்குக் கயிறு அறுப்பது. பார்க்காமலே சரியான பெட்டியில் உங்கள் கை போகும்.

உங்கள் பேத்தி கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் பஸ் கண்டக்டர் கடைக்கு ஓடி வந்தார். "மொதலாளி, ஒங்க மகன செக் போஸ்ட்ல எறக்கிட்டாங்க. பேக்ல கத்தி இருந்திச்சாம்."

உங்கள் மகன் தோட்ட நர்சரியில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர். ஆனால் அந்த யுத்த நாட்களில் தமிழ்ப் பெயரும் கத்தியும் ஒரே பையில் இருந்தால் ஆள் எப்போது வீடு திரும்புவார் என்று சொல்ல முடியாது. பாப்பா இடுப்பில், நான் அழுகையில். நீங்கள் கேட்டீர்கள்: "எந்தக் கத்தி?"

"கத்திதான் மாமா!"

"அழுவுறத அப்புறம் அழுவலாம்மா. காலையில பாத்தியா? நுனி கிளிமூக்கா?"

"இல்ல, நேரா."

"எத்தன அலகு?"

"ஒன்னு."

"வாலு பக்கம்?"

"வெள்ளையா பிளாஸ்டிக்ல நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு... மடிச்சு வச்சிருந்தாரு, பாப்பா அதப் போயி கடிச்சிருச்சு மாமா! பல்லு தடம் கூட விழுந்திருச்சு. புடுங்கி சுடுதண்ணி ஊத்தினேன்."

"ஒட்டுக் கத்தி!" லொத்தர் சீட்டில் பரிசு விழுந்த மாதிரி மேசையைத் தட்டினீர்கள். "பயந்தவ கண்ணுதாம்மா கண்ணு. பாப்பாவையும் தூக்கு."

சோதனைச் சாவடியில் நீங்கள் கெஞ்சவில்லை. சார்ஜன்ட்டிடம் சிங்களத்தில், "மாத்தயா, கத்திய மூடின கையிலயே வச்சிருங்க, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தீர்கள். ஒரு அலகு, நேர் நுனி, மரப்பட்டையைக் கிளப்ப வாலில் ஒரு நாக்கு. "இதால ஆளக் குத்தினா மடங்கி, குத்தினவன் வெரலுதான் போகும்."

"கடைக்காரனுக்கு எல்லாக் கத்தியும் தெரியும். இது வேலைக் கத்திதான்னு எப்படி நம்புறது?"

"வீட்டுல கொழந்த கடிச்சு வெளையாடுற கத்தி மாத்தயா. கத்தி நாக்குல பல்லு தடத்தப் பாருங்க."

அவர் நாக்கை வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு எழுந்து வந்து பாப்பாவின் வாய்க்குள் பார்த்தார். அவள் அப்போதுதான் முளைத்திருந்த இரண்டு பல்லையும் காட்டி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஹரி, ஹரி, யன்ன" என்று அவரும் சிரித்துப் போகச் சொல்லிவிட்டார். உங்கள் மகனிடம் கத்தியைத் திருப்பிக் கொடுக்கும்போது, தன் வீட்டு ரம்புட்டான் மரத்துக்கு எப்போது ஒட்டுக் கட்ட வருவாய் என்று கேட்டார். போனார், கட்டினார். காய்க்கிறதாம்.

இன்று அந்தத் தடத்தில் பல்லை வைத்துப் பார்த்தேன் மாமா. அப்படியே உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் கூரைக்கு எறிந்தோம்.

நான் மாறவில்லை. இதற்கெல்லாம் முன்னால், மதியம் ஸ்கூல் வேன் பிந்தியது. வேன் நீலம், பின்கண்ணாடியில் விரிசல், டிரைவருக்கு மீசை ஒரு பக்கம் தூக்கல் என்று அடையாளங்களை வாய்க்குள் அடுக்கிக்கொண்டு ரோட்டில் நின்றேன். யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே. நீங்கள் இருந்தால் முதலில் கேட்டிருப்பீர்கள்.

வேன் வந்தது. உதட்டில் ரத்தத்தோடு உங்கள் பேத்தி இறங்கினாள். கையை இறுக்கி மூடியிருந்தாள், நீங்கள் அவளுக்குப் பழக்கிய விளையாட்டு.

"கையில என்னான்னு சொல்லுங்கம்மா பாப்போம்?"

ரத்தத்தைப் பார்த்தேன். ஆனால் அழவில்லை மாமா.

"நுனி எப்படி?" என்று கேட்டேன்.